டுவேன் எழுதிக் கொடுத்த எண்

மாண்டானா மாநில அரசு அனுப்பிய தீ விசாரணை அதிகாரி காலை எட்டு மணியிலிருந்து எரிந்த கொட்டகையின் சாம்பலைச் சலித்துக்கொண்டிருந்தார். மரச்சட்டம் அடித்த பெரிய சல்லடை. கீழே போவது போக, மேலே தங்கியதைக் கையுறை போட்ட விரலால் பிரித்து மூன்று வாளிகளில் போட்டார்: ஆணியும் திருகும் ஒன்றில், கண்ணாடிச் சில்லு ஒன்றில், தோட்டாவின் பித்தளைக் கூடு ஒன்றில். ஆர்டிஸ் ட்வீட் பக்கத்தில் குறிப்புப் புத்தகத்தோடு நின்றாள். டன்பார் ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்குப் பதினேழு வருடமாக அவள்தான் செயலாளர். குழுவின் தலைவன் அவள் கணவன் லைல். பித்தளைக் கூடுகள் நிறையச் சேரும் என்று நினைத்து வீட்டிலிருந்து இன்னும் ஆறு காலி வாளிகளை வண்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பதினொன்றரைக்கு அதிகாரி சல்லடையைத் தட்டிச் சுவரோரம் சாய்த்து வைத்தபோது, அந்த ஆறும் வண்டியை விட்டு இறங்கியிருக்கவில்லை.

“முன்னூத்தி எழுபத்தொண்ணு,” என்றார். “எழுதிக்குங்கம்மா. உருகிப்போனது ரெண்டு மூணு இருக்கலாம். அவ்வளவுதான்.”

“இன்னும் தோண்டணும் இல்லையா?”

“அடியில கான்கிரீட். அதுக்குக் கீழ யாரு தோட்டா வெப்பாங்க?”

“நிறைய இருந்திருக்கணுமே,” என்றாள் ஆர்டிஸ். “ரொம்ப நிறைய.”

“பித்தளை எரிஞ்சு காத்துல போயிடாதும்மா. இருந்தா இருக்கும். இல்லேன்னா இல்ல.” அவர் குனிந்து கண்ணாடி வாளியைக் காட்டினார். அதுமட்டும் ஐந்து முறை நிரம்பி, ஐந்து முறை கொட்டப்பட்டிருந்தது. “இங்க இருந்ததெல்லாம் இதுதான். கறி, பழமெல்லாம் போட்டு மூடி இறுக்கின ஜாடிங்க. சூடு ஏறினா ஒவ்வொண்ணா வெடிக்கும். ரோட்டுல நின்னு கேட்டா தோட்டா வெடிக்கிற மாதிரியேதான் இருக்கும். உங்க ஆளுங்களைக் குத்தம் சொல்ல முடியாது.”

ஆர்டிஸ் முந்நூற்று எழுபத்தொன்று என்று எழுதினாள். எழுதிய பிறகு பேனாவை மூடத் தோன்றாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அது சிவப்புப் பேனா. கூட்ட அறிவிப்பு, வருகைப் பதிவு, யார் வீட்டுக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்ற பட்டியல் எல்லாவற்றையும் அவள் சிவப்பில்தான் எழுதுவாள். ஊரில் வேறு யாரும் சிவப்பில் எழுதுவதில்லை. வண்டி வரைக்கும் எப்படி நடந்தாள் என்று பிறகு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அந்தக் கொட்டகை டுவேன் ராஸ்டட்டுடையது. செவ்வாய்க்கிழமை பிற்பகலில் எரிந்தது. பக்கக் கதவுக்கு உள்ளே, ஆறு தப்படி தூரத்தில் டுவேன் கிடந்தான். ஊர் முழுக்க மூன்று நாளாக ஒரே பேச்சுதான்: அவன் சேர்த்து வைத்த தோட்டாவே அவனுக்கு எமனாய்ப் போயிற்று. அது மட்டும் அங்கே குவிந்திருக்காவிட்டால் தீயணைப்புப் பையன்கள் உள்ளே போயிருப்பார்கள், இழுத்துப் போட்டிருப்பார்கள். இரக்கப்பட்டுத்தான் சொன்னார்கள். ஆனாலும் குற்றம் செத்தவன் தலையில்தான் விழுந்தது. ஆர்டிஸும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், இன்று காலை வரைக்கும்.

இந்தத் தோட்டா விவகாரம் போன மார்ச்சில் ஆரம்பித்தது. பக்கத்து மாவட்டத்தில் ஒரு வீடு எரிந்தபோது, அலமாரியில் இருந்த தோட்டாக்கள் சூட்டில் வெடித்து, ஒரு பித்தளைத் துண்டு தீயணைப்புக்காரன் ஒருவனின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. அது கேட்டதிலிருந்து லைலுக்குத் தூக்கம் போயிற்று. தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்த இரண்டு வருடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். கடையில் ஆளுக்கு ஒரு பெட்டி என்று கட்டுப்பாடு வைத்தால், பெண்டாட்டி, மாமியார், நடக்கத் தெரிந்த பிள்ளை எல்லோரையும் வரிசையில் நிறுத்தி வாங்கினவர்கள் இந்த ஊர்க்காரர்கள். மாண்டானாவில் துப்பாக்கி இல்லாத வீடு அடுப்பு இல்லாத வீடு மாதிரி. அதைப் பற்றி யாருக்கும் புகார் கிடையாது. எவ்வளவு தோட்டா போதும் என்பதில்தான் எப்போதும் தகராறு.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் லைல் எழுந்து, ஒரு கட்டடத்தில் ஆயிரத்துக்கு மேல் தோட்டா இருந்து, உள்ளே ஆள் இல்லை என்றும் தெரிந்தால், குழு உள்ளே போகாது, சாலையிலிருந்துதான் தண்ணீர் அடிக்கும் என்றான். அதற்கு எல்லோரும் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

“ஆயிரமா?” என்றான் குழுவிலேயே மூத்தவனான ஓரின். அவனுக்கு எழுபது வயது, நாக்குக்கு இருபது. “என் பொண்டாட்டி கைப்பையைக் கவுத்தாலே அவ்ளோ விழும்.”

டுவேன் மட்டும் சிரிக்கவில்லை. “டேய் லைல், ஒருத்தன்கிட்ட எத்தனை மாடு வெச்சிருக்கேன்னு கேப்பியா? கேக்க மாட்டே. உங்கப்பனும் கேட்டதில்ல. இதுவும் அதே மாதிரிதான்.”

அவன் சொன்னது சரி. மாட்டுக் கணக்கும் தோட்டாக் கணக்கும் இங்கே மரியாதை உள்ளவன் வாய்விட்டுக் கேட்பதில்லை. அப்போது ஆர்டிஸ்தான் வழி சொன்னாள். ஆளுக்கு ஓர் அட்டை. அதில் எண்ணை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அவளிடம் மட்டும் தர வேண்டும். தலைவன் உட்பட வேறு யாரும் பார்க்கக் கூடாது. தீ விபத்து என்றால் அவள் அட்டையைப் பார்த்து ரேடியோவில் ‘போகலாம்’ அல்லது ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தை சொல்வாள். எண்ணைச் சொல்ல மாட்டாள். கூட்டம் கைதட்டியது. டுவேன்கூடத் தொப்பியைத் தூக்கி அவளுக்கு வணக்கம் வைத்தான்.

அட்டைகள் வந்து சேர்ந்த பிறகு அவள் அவற்றை மேஜையில் பரப்பினாள். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. ஏறக்குறைய எல்லோரும் குறைத்து எழுதியிருந்தார்கள். இருநூறு, நூற்றைம்பது, ஒருவன் நாற்பது. இவர்கள் பயந்தது தீக்கு அல்ல, என்றைக்காவது அரசாங்கம் இந்த அட்டையைக் கேட்டு வந்துவிடுமோ என்றுதான். லைலே ஐந்நூறு என்று எழுதியிருந்தான். அவள் நிலவறைக்குப் போய் எண்ணிப் பார்த்தாள், நாலாயிரத்துச் சொச்சம். சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்தினாள். ஓரின் வீட்டுக்கு லெஃப்சா ரொட்டி கொடுக்கப் போன சாக்கில் அவன் மனைவியை விட்டு எண்ண வைத்தாள். இப்படி ஊரிலுள்ள முப்பத்தொரு அட்டையில் இருபத்தாறைத் திருத்தினாள். ஆட்களைத் தெரிந்து வைத்திருப்பதும் ஒரு வேலைதானே என்று அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

டுவேனின் அட்டையில் பென்சிலால் 380 என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தட்டுப்பாட்டுக் காலத்தில் அவன் பிக்கப் வண்டி தார்ப்பாய் மூடி, பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி அந்தக் கொட்டகைக்குள் போனதை அவளே பார்த்திருக்கிறாள். “உலகம் முடியற அன்னிக்கு எல்லாரும் டுவேன் வீட்டுக்குப் போயிடலாம்” என்று ஊரே கேலி செய்யும். அவனும் மறுக்க மாட்டான். பேனாவை எடுத்து, பென்சில் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பில் இரண்டு பூஜ்யம் போட்டாள். முப்பத்தெட்டாயிரம். அந்தக் கொட்டகைக்குப் போய்ப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. இதைப் போய் எண்ணவும் வேண்டுமா என்று நினைத்தாள்.

செவ்வாயன்று ரேடியோவில் லைல் கூப்பிட்டபோது அவள் நிலையத்தில் மேஜைக்கு எதிரில் அட்டைப் பெட்டியோடு இருந்தாள். “டுவேன் கொட்டகை. பின்பக்கம்தான் எரியுது. வண்டி இல்ல, ஆள் இல்ல. உள்ள போலாமா?” அட்டையை எடுக்க மூன்று நொடிகூட ஆகவில்லை. “வேண்டாம். ரோட்டுலயே நில்லுங்க,” என்றாள். ஐந்து நிமிடத்தில் உள்ளே படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. ரேடியோவிலேயே கேட்டது. “நல்ல நேரத்துல சொன்னே ஆர்டிஸ்,” என்று ஓரின் குறுக்கே வந்து சொன்னான். அவளுக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், மிகவும் பெருமையாக இருந்தது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் டுவேனின் மனைவி மார்வா தேவாலயத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கினாள். பிக்கப் பழுதுபார்க்கப் போயிருக்கிறது, டுவேன் காலையிலிருந்து வெளியே எங்கேயும் போகவில்லை என்றாள்.

சாம்பல் சலித்த அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தபோது லைல் சமையலறையில் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். அதிகாரி அவனுக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டிருந்தார்.

“முன்னூத்தி எழுபதா?” என்றான். “நீ வேண்டாம்னு சொன்னியே.”

அவள் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். ரகசியம் என்று சொன்ன அட்டை. அவன் பார்க்கக் கூடாதது. அவன் பார்த்தான். பென்சிலைப் பார்த்தான், சிவப்பைப் பார்த்தான்.

“இது நீ போட்டதா?”

“நான்தான்.”

“எண்ணிப் பாத்துட்டா போட்டே?”

“மத்ததெல்லாம் எண்ணினேன். உன்னுதைக்கூட எண்ணினேன். இது ஒண்ணுதான் எண்ணல.”

லைல் எழுந்து ஜன்னல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தான். உட்காரவில்லை. “இந்தக் கார்டு என்கிட்ட இருந்திருந்தா நானும் அதையேதான் போட்டிருப்பேன்,” என்றான். “ஊர்ல யாரைக் கேட்டாலும் அதையேதான் போட்டிருப்பான். டுவேன் முன்னூத்தி எண்பதுன்னு சொன்னா யாருடி நம்புவா?” அவன் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னான். அதனால்தான் அவளுக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. நம்ப முடியாததை ஒரு மனிதன் உறையில் போட்டு ஒட்டி அவளிடம் கொடுத்திருக்கிறான், அவள் நம்பவில்லை.

“மார்வா இதைக் கேக்கறா,” என்றாள். “காலையில போன் பண்ணினா. சர்ச்சுல அவன் படமெல்லாம் வெக்கிற மேஜைக்கு அவன் கடைசியா எழுதினது ஏதாச்சும் வேணுமாம். உன்கிட்ட ஒரு கார்டு குடுத்தானே, அதைக் குடுன்னா.”

“தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு.”

“அவளுக்கு நம்பர் தெரியும் லைல். அவளும் கூட உக்காந்துதான் எண்ணியிருக்கா.”

“அப்ப வேற கார்டுல எழுதிக் குடு. பென்சில்ல மூணு நம்பர். யாருக்குத் தெரியப் போவுது?” சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கெட்டவன் அல்ல. அவளைக் காப்பாற்றப் பார்த்தான், அவ்வளவுதான். அவள் ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தாள். அலமாரியில் புது அட்டைகள் ஒரு கட்டு இருந்தன. அப்படிச் செய்தால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்துப் பார்த்தாள்: அதிகாரியின் கணக்கை நம்பாமல், டுவேன் சேர்த்து வைத்துச் செத்தான் என்றே கடைசி வரை சொல்லும். அவன் கல்லறைக்குப் போகும்போதும் சொல்லும். மார்வா கடைக்குப் போகும்போது அவள் முதுகுக்குப் பின்னாலும் சொல்லும். ஆர்டிஸைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஞாயிறு காலை அவள் மார்வா வீட்டுக்குப் போனாள். சமையல் மேடை முழுக்க அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த கறித் தட்டுகள். யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. மார்வா டுவேனின் சட்டை ஒன்றுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் போட்டுப் புதைக்கப்போகிற சட்டை. ஊசியை வைக்காமலே பேசினாள்.

“ஏப்ரல்ல, பனி உருகறப்போ, இந்த மேஜையில உக்காந்துதான் முடிவு பண்ணினான்டி. ஒரு பேப்பர்ல எழுதினான். மான் வேட்டை சீசனுக்கு ரெண்டு பெட்டி, பெட்டிக்கு இருபது. துப்பாக்கிக் குறி சரிபாக்க ஒரு பெட்டி. கோழியைத் தூக்கற நரிக்கு இருபது. வயல்ல பொந்து போடற அணிலுக்குச் சின்ன ரவை முன்னூறு. ‘மார்வா, இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்னத்துக்கு?’ன்னான். நான் சிரிச்சேன். மீதியெல்லாம் நாலு நடையா ஹாவ்ரேல இருக்கற சுடும் பயிற்சிக் கிளப்புக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டான். யாருக்கும் சொல்லாதேன்னான். இத்தனை வருஷம் வாய் கிழியப் பேசிட்டு இப்ப குறைச்சுட்டேன்னு சொன்னா ஓரின் சும்மா விடுவானான்னு வெக்கம்.”

“ஏன் குறைச்சான்?” ஆர்டிஸுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“உன் புருஷன் சொன்னானே. ஆயிரத்துக்கு மேல இருந்தா வர மாட்டோம்னு.” மார்வா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அவனுக்கு உள்ளுக்குள்ள பயம். எரிஞ்சா நீங்க வரணும்னு நெனச்சான். அலமாரி காலியானதும் நான் ஜாடியெல்லாம் அங்க அடுக்கினேன். மான்கறியும் செர்ரியும்.”

ஆர்டிஸ் அட்டையை எடுத்து நீட்டினாள். பிறகு மேஜையிலேயே வைத்துவிட்டாள். மார்வா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். முதலில் அவள் முகம் இளகியது. அவன் போட்ட எட்டு எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதைக் கட்டைவிரலால் தடவினாள். விரல் அப்படியே வலது பக்கம் நகர்ந்து சிவப்பின் மேல் நின்றது.

“இந்த ரெண்டு பூஜ்யம்?”

“என்னுது.”

“எப்ப போட்டே?”

“குடுத்த அன்னிக்கே. பொய் சொல்றான்னு நெனச்சேன் மார்வா. எல்லாரும் பொய்தான் எழுதியிருந்தாங்க. அன்னிக்கு ரேடியோவுல வேண்டாம்னு சொன்னது இதைப் பாத்துதான்.”

திட்டுவாள், அழுவாள், அட்டையை முகத்தில் எறிவாள் என்று ஆர்டிஸ் எதிர்பார்த்தாள். அதில் ஏதாவது ஒன்று நடந்தால் தேவலை என்றும் இருந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றது. மார்வா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

“அவன் உள்ள எவ்ளோ நேரம் உசிரோட இருந்தான்னு டாக்டரைக் கேட்டேன்,” என்றாள். “சொல்ல முடியாதுன்னுட்டாரு.”

“மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் வரல,” என்றாள் ஆர்டிஸ்.

“கேக்காதே.” மார்வா சட்டையை மறுபடி மடியில் எடுத்து அடுத்த பொத்தானைத் தேடினாள். “நாளைக்கு சர்ச்சுல எல்லாருக்கும் காபி நீதானே ஊத்தறே?”

“பட்டியல்ல என் பேர்தான். வேற யாரையாவது ஊத்தச் சொல்றேன்.”

“வேணாம். நீயே வா.”

திங்கட்கிழமை அடக்க ஆராதனை முடிந்ததும் கூட்டம் தேவாலயத்தின் அடித்தளத்துக்கு இறங்கி வந்தது. நூற்று இருபது பேராவது இருப்பார்கள். ஆர்டிஸ் விடியற்காலையிலேயே வந்து, நீள மேஜைக்கு வெள்ளைத் தாள் விரித்து, கோப்பைகளை அடுக்கி, குழாய் வைத்த பெரிய காபிப் பாத்திரத்தைச் சூடேற்றியிருந்தாள். படியிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் டுவேனின் மேஜையைக் கடந்துதான் சாப்பாட்டுக்கு வர வேண்டும். மேஜையை மார்வாதான் அமைத்திருந்தாள். ராணுவ உடுப்பில் இருபது வயது டுவேன், கல்யாணப் படம், ஒரு மான் தலையோடு சிரிக்கிற டுவேன், அவன் தொப்பி. தொப்பியின் மேல் சாய்த்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, அந்த அட்டை. பக்கத்திலேயே நாற்காலி போட்டு மார்வா உட்கார்ந்திருந்தாள்.

முதலில் வந்த ஓரிருவர் படங்களை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போனார்கள். அடுத்தது ஓரின். வழக்கம்போல முன்னால் இருந்தவன் முதுகைத் தட்டி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். படங்களைப் பார்த்தான். அட்டை அருகே வந்ததும், என்ன இது என்பதுபோலக் குனிந்தான். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தான். மார்வா விரலால்கூடக் காட்டவில்லை. அவன் மெதுவாக நிமிர்ந்தான். அவனுக்கும் விசாரணை அதிகாரி சொன்ன எண்ணிக்கை தெரியும், ஊருக்கே தெரியும். பென்சிலில் இருந்த மூன்று இலக்கத்தை அவன் உதடு சத்தமில்லாமல் படித்தது. பிறகு சிவப்புப் பூஜ்யங்களைப் பார்த்த அவன் கண் அறை முழுக்கத் தேடி, காபிப் பாத்திரத்துக்குப் பின்னால் வந்து நின்றது.

அவனுக்குப் பின்னால் லைல். அவனுக்கும் பின்னால் ஊர். வரிசை நகரவில்லை. கோப்பையோடு நீண்டிருந்த ஒரு கைக்கு ஊற்றுவதற்காக ஆர்டிஸ் குழாயைத் திறந்திருந்தாள். காபி கோப்பையை நிறைத்து, தட்டை நிறைத்து, வெள்ளைத் தாளில் இறங்கி விளிம்பு வரை பரவிக்கொண்டிருந்தது. குழாயை மூட அவள் கை போகவில்லை.